குழியில் ஊற்றாத மோர்

எங்கள் குடும்பத்தில் இரண்டு நிபுணர்கள் இருந்தோம். எதையெல்லாம் தூரப்போட வேண்டும் என்று சொல்வதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. எதையும் தூரப்போடக் கூடாது என்று சொல்லும் வேலையை மைனி சம்பளம் இல்லாமலே பார்த்து வந்தாள்.

மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் எழுத மட்டும் அது வெளியே வரும். பெயரைக்கூடச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்து வைத்திருந்தவள். நானும் அதை இங்கே எடுத்துச் செலவழிக்கப் போவதில்லை.

நான் அரசு மருந்து ஆய்வுக்கூடத்தில் பகுப்பாய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்துக் கடையில் ஆய்வாளர் மாதிரி எடுப்பார். அதை நான்காகப் பிரித்து, நூல் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, ஒரு பங்கை எங்களுக்கு அனுப்புவார். நான் அதை உடைத்து, கரைத்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து, கடைசியில் ஒரு சொல் எழுதுவேன். 'தரமானது' அல்லது 'தரமற்றது'. மூன்றாவதாக ஒரு சொல்லை அரசாங்கம் எனக்கு அனுமதிக்கவில்லை. மைனியின் அகராதியில் இரண்டாவது சொல்லே கிடையாது. அவளுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருட்கள்தான். ஒன்று நல்லது. மற்றது 'கொஞ்சம் பழசு'.

ஓய்வுக்குப் பிறகு பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊரிலேயே, அண்ணன் வீட்டுக்கு அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில், அதில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் முதல் மோதல் வந்தது.

மைனியிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. பிஸ்கட் தீர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்து குணமானாலும், யாருக்குக் குணமாகாமல் போனாலும், மிச்சமிருக்கும் மாத்திரைகள் அந்த டப்பாவுக்கு வந்து சேரும். ஒருநாள் எனக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டு டப்பாவோடு வந்து நின்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"மைனி, இதுக்க தேதி எப்பவோ முடிஞ்சு போச்சு."

"எந்தத் தேதி?"

"இன்னா போட்டிருக்குல்லா. இதுக்குப் பொறவு திங்கப்பிடாது."

"போட்டது ஆரு?"

"கம்பெனி."

"கம்பெனிக்காரனுக்கு அடுத்த அட்டைய விக்காண்டாமா? அவன் அப்பிடித்தான் போடுவான்." அட்டையை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "தம்பி, நீங்க படிச்சவியோ. தெரியாமத்தான் கேக்கேன். அந்தத் தேதி வந்து விடிஞ்சதும் மாத்திரைக்கு சீவன் போயிருமோ?"

காலாவதித் தேதியை எப்படி நிர்ணயிக்கிறார்கள், வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்து எப்படிச் சோதிக்கிறார்கள், மூலப்பொருள் குறைந்துகொண்டே வந்து எந்த அளவில் மருந்து தோற்றதாக அறிவிப்பார்கள் என்றெல்லாம் அவளுக்கு விளக்கினேன். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று சொன்ன அதே விளக்கம். நீதிபதி தலையாட்டுவார். மைனி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் கொஞ்சம் பழசு. அதுக்கு ரெண்டா திங்கணும், அவ்வளவுதானே?" என்றாள்.

நான் தலைவலியோடு படுத்துக்கொண்டேன்.

அவள் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுப்பாள். பொருள் ஒன்று பயன்படாமல் மண்ணுக்குப் போவதைத்தான் அவளால் தாங்க முடியாது. கல்யாண வீடுகளில் மற்ற பெண்கள் மேடைக்கு எதிரே இடம் பிடிக்கும்போது இவள் சமையல் நடக்கும் ஆக்குப்புரையில் நிற்பாள். வாழைக்காய்த் தோலைக் குப்பைக்கு அள்ளப்போன சமையல்காரரிடம், "அண்ணாச்சி, அந்தத் தோல இஞ்ச வையும். துவரனுக்கு ஆகும்" என்பாள். அவர் ஆளையே ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, பந்திக்கு ஆளு காத்துக் கெடக்கு. தோலுக்குப் பஞ்சாயத்து வைக்காதீங்கம்மா" என்று கும்பிடுவார். தோல் வீட்டுக்கு வரும். துவரன் பொரியலும் நன்றாகவே இருக்கும். அதுதான் சிக்கல். அவள் ஒருதடவை தோற்றிருந்தால் திருந்தியிருப்பாள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அவளை அழைத்துப் போனோம், அவள் மகள் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது. தேக்குத் தூணையும் செதுக்கலையும் மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்து, கண்ணாடிபோல முகம் தெரியும் தரை. தேங்காய்ச் செரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் இன்னும் என்னென்னவோ சேர்த்து இழைத்தது என்று வழிகாட்டி சொன்னதுதான் தாமதம், வெற்றிப் பார்வையோடு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளா ஆப்பீசரே? ராசாவே செரட்டையத் தூரப்போடல்ல."

அன்று முழுவதும் திருவிதாங்கூர் அரச வம்சம் அவள் கட்சியில் இருந்தது.

தலைமுடியையும் விடமாட்டாள். அறுபது தாண்டியும் அடர்ந்து இடுப்புவரை கிடந்த முடி. அவளிடம் இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான். சீவும்போது உதிர்வதைச் சுருட்டி ஒரு காலி பாட்டிலுக்குள் அடைத்து வைப்பாள். "சவுரி கெட்டலாம்லா" என்பாள். ஆணுக்குச் சவுரம், பெண்ணுக்குச் சவுரி. தலையில் இவ்வளவு இருக்கும்போது எதற்கு ஒட்டுமுடி என்று மகள் கேட்டதற்கு, "இருக்கும்போதே சேத்து வச்சாத்தான் மக்கா இல்லாதப்போ உண்டு" என்றாள். அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குக் கால் பெருவிரலில் வலி வந்தது. விரல் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே அலறுகிற வலி. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கிறது, 'கௌட்' என்றார் டாக்டர். ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அதில் இருந்த மருந்தின் பெயர் கால்ச்சிசின். அண்ணன் அதை இரண்டு வேளை தின்றார், வயிறு இளகியது, "இங்கிலீஷ் மருந்து சூடு. நமக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதி, மாத்திரையைப் பிஸ்கட் டப்பாவுக்கு அனுப்பிவிட்டு, குலசேகரம் பக்கம் ஒரு ஆசானைப் பார்க்கப் போனார். இங்கே மேற்கே வர்மமும் மருந்தும் தெரிந்த வைத்தியரை ஆசான் என்றுதான் சொல்வார்கள்.

ஆசான் நாடி பார்த்து, கால் பார்த்து, செங்காந்தள் கிழங்கில் மருந்து சொன்னார். வேலியில் ஏறிக் கிடக்கும், தீப்பிடித்ததுபோலப் பூக்கும், மாநிலத்தின் மலர் என்று பள்ளிக்கூடச் சுவரில் படம் போட்டிருப்பார்களே, அதுதான். மண்ணுக்கடியில் கலப்பை வடிவத்தில் கிழங்கு இருக்கும். அந்தக் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் முக்கியமான நஞ்சின் பெயர் கால்ச்சிசின்.

ஆமாம், அதே கால்ச்சிசின். நம் செடியின் விதை வெளிநாட்டுக்குக் கப்பலேறும். அங்கே சாறு இறக்கி, சுத்தம் செய்து, எடை போட்டு, மாத்திரையாக்குவார்கள். அந்த மாத்திரை சூடு என்று தள்ளிவிட்டு அண்ணன் வேலிக்கே நேரடியாகப் போய்விட்டார். மாத்திரைக்கும் கிழங்குக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று அட்டையில் அச்சடித்திருக்கும். கிழங்கில் எவ்வளவு என்பது கிழங்குக்கே தெரியாது. மண், மழை, வயது என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். சட்டத்தில் நச்சு மூலிகைகளுக்கென்று தனிப் பட்டியலே போட்டு, அதில் இந்தக் கிழங்கையும் சேர்த்திருக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"பட்டியல்ல எனக்க கால்வலி உண்டுமாடே?" என்று கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

ஆசானைக் குறை சொல்ல மாட்டேன். அவர் விவரமானவர். கிழங்கு நஞ்சு என்பது அவருக்குத் தெரியும். அதற்கு நஞ்சு நீக்கும் சுத்தி செய்ய வேண்டும். வில்லையாக அரிந்து, உப்புப் போட்ட மோரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைக்க வேண்டும். மறுநாள் புது மோர். திரும்பவும் ஊறல், திரும்பவும் வெயில். இப்படியே பலநாள். அவரே செய்து தருவதாகத்தான் சொன்னார். வீட்டில் கறவைப் பசு இருக்கும்போது மோருக்கு இன்னொருவர் வீட்டை எதிர்பார்ப்பது மைனிக்குப் பிடிக்கவில்லை. நானே செய்கிறேன் என்று அரிந்த கிழங்கை வாங்கிக்கொண்டாள்.

ஆசான் விரலை நீட்டிச் சொன்னார்: "மோர தெனமும் குழி தோண்டி ஊத்தி மூடணும், கேட்டியளா? கோழி கொத்தப்பிடாது, நாய் நக்கப்பிடாது. கிழங்குல உள்ளதெல்லாம் அதுலயாக்கும் எறங்குகது."

வேதியியலும் இதைத்தான் சொல்கிறது. நஞ்சு மாயமாக மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது. கால்ச்சிசின் நீரில் கரையும். கிழங்கை விட்டு இறங்கி மோரில் குடியேறும். கிழங்கு எந்த அளவுக்குப் புனிதமாகிறதோ அந்த அளவுக்கு மோர் பாவியாகும். ஆசான் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் சாட்சிக் கூண்டில் சொன்னால் அரை மணி நேரம் ஆகும்.

அடுத்த நாள் மதில் கதவு வழியாகப் பார்த்துக் கேட்டேன். "மைனி, குழி தோண்டியாச்சா?"

"தோண்டியாச்சே. கெணத்துக்கு அந்தப் பக்கம். முட்டளவு ஆழம்."

போய்ப் பார்த்தேன். குழி இருந்தது. ஒழுங்கான, நேர்த்தியான குழி. தணிக்கையில் குறை சொல்ல முடியாத குழி.

மாடியில் இரண்டு சுளகுகள் அருகருகே காய்ந்தன. ஒன்றில் கிழங்கு வில்லை. மற்றதில் பாவைக்காய், அதாவது பாகற்காய் வில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகளுக்குப் பாவைக்காய் வற்றல் என்றால் உயிர். அம்மையைப்போலவே பேரப்பிள்ளைகளும் அதை ரசத்துக்குத் தொட்டுத் தின்பார்களாம். லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கொண்டுபோவதாக ஒத்துக்கொண்டிருந்தார். பாவைக்காய் வற்றலுக்கும் செய்முறை அதேதான். உப்பு மோரில் ராத்திரி ஊறல், பகலில் வெயில்.

வாசிப்பவர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. வற்றல் மஸ்கட்டுக்குப் போயிற்று. மறுநாள் காலை மதிலுக்கு அப்பாலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"எலே, இஞ்ச ஓடியா. இவ வாந்தியா எடுக்கா."

மைனி கிணற்றடியில் குந்தியிருந்தாள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து ஆளைப் பிழிந்திருந்தது. முகம் வெளிறி, உதடு காய்ந்து, அந்த நிலையிலும், "ஒண்ணுமில்ல தம்பி. நேத்தைக்குள்ள பழங்கறியாக்கும். கொஞ்சம் பழசு" என்றாள். நாகர்கோவிலுக்குக் காரில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். கெட்டுப்போன சாப்பாடுதான் என்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தார். துண்டும் பிளாஸ்கும் எடுத்து வர என்னை அனுப்பினார்கள்.

வீட்டில் துண்டைத் தேடிப் பின்பக்கம் போனேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம், ஆசான் சொன்ன குழியில், ஒரு வாழைக்கன்று நின்றது.

குழி ஒன்று தோண்டிய பிறகு அதை வீணாக்குவாளா? கன்று நட்டுவிட்டாள். சரி, மோரை ஊற்றி மூடிவிட்டு அதன்மேல் நட்டாளா? குனிந்து பார்த்தேன். கன்று பச்சைப்பசேலென்று குருத்து விட்டிருந்தது. நாள்தோறும் உப்பு மோர் குடித்த மண்ணில் எந்த வாழையும் இப்படி உற்சாகமாக இருக்காது. அந்தக் குழிக்கு ஒரு சொட்டு மோர்கூடப் போகவில்லை.

துண்டையும் பிளாஸ்கையும் மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

"மைனி, நேத்து மத்தியானம் என்ன தின்னியோ?"

"சோறு. ரசம்."

"தொட்டுக்கிட?"

"ஒடஞ்ச வத்தல் கொஞ்சம் கெடந்துது. நல்லத எல்லாம் பிள்ளைக்குக் குடுத்தனுப்பியாச்சு. தூள தூரப்போடவா செய்வாவ? வறுத்துத் தின்னேன்."

"அண்ணன்?"

"அவருக்கு பாவக்கா எறங்காதுல்லா."

"பாவக்காய எந்த மோருல ஊறப்போட்டிய?"

மைனி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெனமும் ஒரு சட்டி மோரு, தம்பி," என்றாள் சுவரிடம். "உப்பும் போட்டது. பாலு கறந்து, ஒறை குத்தி, கடஞ்சு... அத்தனையையும் மண்ணுல ஊத்தச் சொல்லுதாரு. எனக்குக் கையி வரல்ல. பாவக்காய்க்கு எப்பிடியும் மோரு வேணும். கிழங்கு கெடந்த மோருதானே, கசப்பு இருக்கும், பாவக்காயும் கசப்புதானேன்னு..."

நஞ்சுக்கு ஒரு கசப்பு உண்டு. மனிதனை எச்சரிக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. உலகத்திலேயே அந்த எச்சரிக்கை செல்லுபடியாகாத ஒரு காயைத் தேடிப் பிடித்து அதற்குள் ஊறவைத்திருக்கிறாள்.

டாக்டரிடம் ஓடிப்போய்க் கால்ச்சிசின் என்றேன். "அது கௌட் மாத்திரைல்லா சார்? இவங்க எதுக்குத் தின்னாங்க?" என்றார். மோர் என்றேன். அவர் என்னையும் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விளக்கினேன். நல்ல பிள்ளை, முகம் மாறி உடனே எழுந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அண்ணன் எழுந்து நின்றிருந்தார். கையில் போன். பெருவிரல் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"எலே. பிள்ளைக்கு அனுப்பினது..."

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை. விடுமுறை நாள். எல்லோரும் வீட்டில் இருந்து ரசச்சோறு தின்னும் நாள். நான் போனை வாங்கி அழைத்தேன்.

"சொல்லுங்க சித்தப்பா. அம்மைக்கு இப்பம் எப்பிடி இருக்கு? அப்பா மெசேஜ் போட்டிருந்தாவ."

"வத்தல் வந்து சேந்துதா?"

"நேத்தே வந்தாச்சு. இப்பம்தான் எண்ண வச்சிருக்கேன். பிள்ளைகொ தட்டு வச்சு ஒக்காந்தாச்சு. எதுக்கு?"

"அடுப்ப அணை. வத்தல அப்பிடியே தூரப்போடு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சித்தப்பா, ரிட்டயர் ஆகியும் நிறுத்தமாட்டியளா? போன லீவுல எனக்க ஊறுகாயத் தூரப்போடச் சொன்னியோ. பிள்ளைக்கு வாங்கின டானிக்கத் தூரப்போடச் சொன்னியோ. இப்பம் அம்மைக்க வத்தலா?"

"வெளையாட்டில்ல மக்கா. வெஷம் அது."

"அம்மை போட்ட வத்தல் வெஷமா? நல்லாருக்கே. எண்ண காஞ்சு பொகையுது, நான் போட்டுட்டுப் பேசுகேன்..."

முப்பது வருஷமாக அரசு முத்திரையோடு சொல்லி வந்த சொல், ஒரு கரண்டி எண்ணெய்க்கு முன்னால் மதிப்பிழந்து நின்றது. நாள்தோறும் அலறுகிற சங்கை யார் காதில் வாங்குவார்கள்?

மைனி ஊசி குத்தாத கையை நீட்டினாள். போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன்.

"மக்கா," என்றாள். குரல் காய்ந்திருந்தது. எச்சில் கூட்டி விழுங்கினாள். "அடுப்ப அணைச்சியா?"

"அம்மையா? என்னம்மா நீ..."

"அத..." அந்தச் சொல்லை எடுக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வாந்திக்குக்கூட அவ்வளவு கஷ்டப்படவில்லை. "அதத் தூரப்போடு."

அந்தப் பக்கம் அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. பிறகு மகள் கேட்டாள், "பேசுகது ஆரு? அம்மைதானா?"

"நான்தான். எல்லாத்தையும் தூரப்போடு மக்கா. ஒண்ணும் மிச்சம் வைக்காத."

மகள் அழ ஆரம்பித்தாள். நஞ்சு என்று நான் சொன்னபோது சிரித்தவள், தூரப்போடு என்று தன் அம்மை வாயால் கேட்டதும் ஒப்பாரிபோல அழுதாள். "அம்மா, உனக்கு என்ன செய்யுது? சொல்லும்மா, நெசமாச் சொல்லு, உனக்கு என்ன செய்யுது?" பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல். எந்த ஆய்வறிக்கையும் அதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

போனை வைத்த பிறகு மைனி கண்ணை மூடிக்கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"தம்பி. அது நல்ல ஜிப் வச்ச கவராக்கும். கழுவி எடுத்தா..."

"கவரும்தான் மைனி."

அவள் பெருமூச்சு விட்டாள். வாந்தியும் போக்கும் சேர்ந்து செய்ததைவிட அந்த மூச்சு அவளை அதிகமாக இளைக்கச் செய்ததுபோல இருந்தது.

இந்த நஞ்சின் குணம் அதற்குப் பிறகுதான் தெரியும். உடம்பில் எந்த உயிரணு வேகமாகப் பெருகுகிறதோ அதைத்தான் முதலில் பிடிக்கும். இரண்டாகப் பிரியப்போகும் அணுவை, பிரிய விடாமல் நடுவழியில் நிறுத்திவிடும். குடலின் உள்தோல், எலும்புக்குள் ரத்தம் ஊறும் மச்சை, முடியின் வேர். அந்த வரிசையில் வரும். விதையில்லாத தர்பூசணி உண்டாக்க விவசாய விஞ்ஞானிகள் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். மைனிக்குத் தர்பூசணியின் விதையில்லாமை ஒரு அநியாயமாகவே பட்டது. "வெத இருந்தாத்தானே வறுத்துத் திங்கலாம்?" என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

வெள்ளணுக்கள் இறங்கின. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, முறிமருந்து என்று கையில் எதுவும் இல்லை, தாங்கிப் பிடித்துக் காத்திருக்கத்தான் முடியும் என்றார். ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் நான் 'தரமற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அதைத் தின்றவர்கள் எந்தக் கட்டிலில் கிடந்தார்கள் என்று பார்க்க எந்த நடைமுறையும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தேன்.

ஆசான் வந்தார். வாசலிலேயே நின்றார். "நான் குழின்னு சொன்னேன்லா, அம்மா?"

"சொன்னிய ஆசானே. குழியும் தோண்டினேன்லா," என்றாள் மைனி. வாக்கு மீறாத கர்வம் குரலில் இருந்தது.

அண்ணன் அந்தக் கிழங்கு வில்லைகளைத் தானே எடுத்துப்போய் அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி, பாவைக்காய்த் தூளோடு சேர்த்து மூடினார். கால்வலிக்கு அதன்பிறகு டாக்டரிடமே போனார். மருந்துக் கடையில் புது அட்டை வாங்கித் தின்றார். சூடு என்று சொல்லவில்லை.

மைனி பிழைத்தாள் என்பதை அவளுடைய பேச்சிலிருந்துதான் முதலில் தெரிந்துகொண்டோம். பாதி ஏறிய குளுக்கோஸ் பாட்டிலை நர்ஸ் கழற்றி வாளியில் போட்டபோது, "சிஸ்டரே, பாதி கெடக்கேம்மா அதுல!" என்ற குரல் கேட்டது. அண்ணன் வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வருவதற்கு முன்பு முடி கொட்ட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக. தலையணையில், தோளில், சீப்பில். இடுப்புவரை இருந்த முடி. திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். மைனி உதிர்ந்ததையெல்லாம் ஒழுங்காக நீளவாக்கில் அடுக்கி, மருந்து வந்த காகிதப் பைக்குள் வைத்தாள். நர்ஸ் அதைக் குப்பைக்கு எடுக்க வந்தாள். மைனி அவள் கையைப் பிடித்தாள், அவ்வளவுதான்.

பல மாதம் கழித்துச் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். மகளும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். மைனிக்குத் தலையில் ஒரு சின்னக் கொண்டை முடியும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கிளம்பும் நேரத்தில் மதில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பட்டுப்புடவை. கையில் ஒரு சவுரி. பாட்டிலில் சேர்த்ததும் ஆஸ்பத்திரியில் அடுக்கியதும் சேர்த்துக் கட்டிய நீளமான சவுரி. முழுவதும் அவளுடைய சொந்த முடி.

"தம்பி," என்றாள். "இதுல ஒண்ணும் இருக்காதுல்லா?"

"எது மைனி?"

"அந்த மோருக்குள்ளது." சவுரியை என் முன்னால் நீட்டிப் பிடித்தாள், உரிமம் கேட்டு வந்தவள்போல. "பேரப்பிள்ளைகொ மடியில ஏறி விளையாடும். இருக்குன்னா சொல்லுங்க. தூரப்போட்டிருகேன்."

இரண்டாவது தடவையாக அந்த வாயிலிருந்து அந்தச் சொல். இந்த முறை கஷ்டப்படாமல் வந்தது. எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ரத்தத்தில் ஓடியதன் மிச்சம் முடியில் தங்கும். அதை வைத்துத்தான் விஷ வழக்குகளில் கண்டுபிடிக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் மாதிரி எடுக்க வேண்டும், நான்காகப் பிரிக்க வேண்டும், நூல் சுற்றி அரக்கு வைக்க வேண்டும், கரைத்துப் பார்க்க வேண்டும். முறை அதுதான். அந்த முறையை ஒருநாளும் நான் மீறியதில்லை.

சவுரியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல மைனி. கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். கெட்டிட்டு வாங்க, நேரமாச்சு."

சோதிக்காமல் நான் கொடுத்த ஒரே சான்றிதழ் அது.